ஹன்னாவின் மகன்

1879: ஒரு கல்லூரிப் பேஸ்பால் பருவமும் ஒரு மறைப்பும்

ஒரு பழைய புகைப்படம். அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரத்தில் இருக்கும் பிரவுன் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் அணி. ஆண்டு 1879. அந்த வருசம் அமெரிக்கக் கல்லூரிகளின் சாம்பியன் பட்டம் அவர்களுக்குத்தான். படத்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் வெள்ளையர்கள் என்றே எழுதிவைக்கப்பட்டது. நூற்றிருபது வருசத்துக்கும் மேலாக விளையாட்டு வரலாறு எழுதினவர்களும் அப்படியே எழுதிவந்தார்கள். ஆனால் அந்தப் படத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவன் அடிமைப் பெண் ஒருத்தியின் வயிற்றில் பிறந்தவன். பிறக்கும்போதே அடிமை. பெயர் வில்லியம் எட்வர்ட் ஒயிட். பெயரைக் கவனியுங்கள். ஒயிட் என்றால் வெள்ளை.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதிலென்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். பேஸ்பாலை நான் ஒருநாளும் ஆடியதில்லை. எங்கள் ஊர்க் கொல்லையில் கிட்டிப்புள் ஆடியதோடு சரி. ஆனாலும் இந்தப் படத்தைவிட்டு என்னால் நகர முடியவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வரலாறு.

1

அமெரிக்காவில் இரண்டு கல்லூரிகள் மோதிய முதல் பேஸ்பால் ஆட்டம் 1859இல் நடந்தது. அம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ் என்ற இரு கல்லூரிகள் ஆடின. அம்ஹர்ஸ்ட் 73க்கு 32 என்று வென்றது. இன்றைக்கு இருக்கிற ஏற்பாடுகள் எதுவும் அன்று இல்லை. இன்று 64 கல்லூரி அணிகள் பல ஊர்களில் மோதி, கடைசியில் எட்டு அணிகள் ஜூன் மாதம் ஒமாஹா நகரத்தில் கூடுகின்றன. ‘கல்லூரி உலகத் தொடர்’ என்கிறார்கள். ஆடுவது அமெரிக்கக் கல்லூரிகள், ஆனால் பெயர் உலகத் தொடர்! அந்தத் தொடரே 1947இல்தான் தொடங்கியது. 1879இல் கல்லூரிகள் கடிதம் எழுதிச் சவால் விட்டன, ரயில் ஏறிப் போய் ஆடின, ஒருவரையொருவர் வீழ்த்திப் பட்டத்துக்கு உரிமை கொண்டாடின. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் போன்ற பெரிய வீட்டுப் பிள்ளைகளின் கல்லூரிகள்தான் களத்தில் நின்றன.

அந்த வசந்தத்தில் பிரவுன் அணிக்கு ஒரு நல்ல இடதுகைப் பந்துவீச்சாளன் கிடைத்திருந்தான். லீ ரிச்மண்ட் என்று பெயர். மறுவருசம், 1880 ஜூன் 12ஆம் தேதி, வூஸ்டர் என்ற தொழில்முறை அணிக்காக ஆடி, எதிரணியில் ஒருவரைக்கூட முதல் பேஸை எட்டவிடாமல் ஆட்டத்தை முடித்தான். பெரிய லீக்குகளில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. அப்படிப்பட்டவன் பந்து வீச, முதல் பேஸில் நின்றவன் ஒயிட். யேலையும் வென்று பிரவுன் சாம்பியன் ஆனது.

முதல் பேஸ் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பந்தை அடித்தவன் முதலில் ஓடிவந்து தொடவேண்டிய இடம் அது. தரையில் உருண்ட பந்தை யார் பொறுக்கினாலும் முதல் பேஸில் நிற்பவனுக்குத்தான் பெரும்பாலும் எறிவார்கள். அவன் அந்த இடத்தில் கால் வைத்தபடி பந்தைப் பிடித்துவிட்டால் ஓடிவருகிறவன் அவுட். அதாவது அணியில் இருக்கிற எல்லாருடைய கையிலிருந்தும் பந்து அவன் கைக்கு வந்துகொண்டே இருக்கும். எல்லாரும் அவன் கையை நம்ப வேண்டும். அந்த இடத்தில்தான் ஹன்னாவின் மகன் நின்றான்.

2

ஒயிட் 1860இல் ஜார்ஜியா மாநிலத்தில் மில்னர் என்ற ஊரில் பிறந்தவன். தகப்பன் ஆண்ட்ரூ ஜாக்சன் ஒயிட், வெள்ளைக்கார முதலாளி. தாய் ஹன்னா, அவனுக்கு அடிமை. ‘கலப்பு’ என்று ஆவணங்கள் குறிப்பிடும் பெண்.

இங்கே ஒரு சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். 1662இல் வர்ஜீனியாவில் ஒரு சட்டம் போட்டார்கள். பிறக்கிற குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்றது அந்தச் சட்டம். தெற்கு மாநிலங்கள் முழுக்க அதுவே வழக்கமானது. இங்கிலாந்தின் வழக்கப்படி பிள்ளை தகப்பன் வழி. நம்முடைய நாட்டில் சாதியும் பொதுவாகத் தகப்பன் வழிதான். ஆனால் அடிமை வைத்திருந்தவர்கள் தங்கள் வழக்கத்தையே மாற்றிக்கொண்டார்கள். ஏன்? அடிமைப் பெண்ணிடம் முதலாளி பெற்ற பிள்ளை தகப்பன் வழி வந்தால் அது வாரிசு. தாய் வழி வந்தால் சொத்து. பெண்ணின் உடம்பை எடுத்துக்கொண்டவன் அதில் பிறந்த பிள்ளையையும் தன் சொத்துக் கணக்கில் எழுதிக்கொண்டான். சட்டத்துக்கு இதைவிடக் கேவலமான உபயோகம் இருக்க முடியுமா, தோழர்களே! நம்முடைய மனு எழுதியவர்கள்கூட இந்தக் கணக்கைப் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்கள்.

1865இல் அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. அப்போது ஒயிட்டுக்கு அய்ந்து வயது. தகப்பன் அவனைப் படிக்க வடக்கே அனுப்பினான். அந்த மனிதன் தன் உயிலில் வில்லியத்தையும் அவன் சகோதரிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறான். எப்படி என்றால், ‘என் பிள்ளைகள்’ என்றல்ல. என் வேலைக்காரி ஹன்னாவின் பிள்ளைகள் என்று. சொத்தில் பங்கு கொடுக்க மனம் வந்தது. ‘மகன்’ என்று ஒரு சொல் எழுத மனம் வரவில்லை.

பிரவுன் பல்கலைக்கழகத்தில் அவன் சேர்ந்தபோது பதிவேட்டில் ஊர் மில்னர், தகப்பன் பெயர் ஏ.ஜே. ஒயிட். தாயைப் பற்றிக் கேள்வி இல்லை. 1880ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பிராவிடன்ஸ் நகரத்தில் அவனை வெள்ளையன் என்று எழுதிக்கொண்டது. கூட்டல் கழித்தலில் ஒரு கோடு போதும். தாயின் பெயரை அடித்துவிட்டால் பிள்ளை வெள்ளை.

அந்தப் பல்கலைக்கழகத்தின் கதையும் சுத்தமானதல்ல. அதை வளர்த்த பிரவுன் குடும்பத்துச் சகோதரர்கள் 1764இல் ‘சாலி’ என்ற கப்பலை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். 196 பேரைப் பிடித்து ஏற்றினார்கள். அவர்களில் 109 பேர் செத்தார்கள். பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டதும் அதே 1764இல்தான். அந்தப் பழைய பாவத்தைத் தோண்டச் சொன்னவர் ரூத் சிம்மன்ஸ், 2001இல் அதன் தலைவரான கறுப்பினப் பெண், அடிமைகளின் வம்சத்தில் வந்தவர். 2003இல் குழு அமைத்தார். 2006இல் அறிக்கை வந்தது. கப்பல் வந்த வழியைப் பல்கலைக்கழகம் தேடிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான், 2003-04இல், பீட்டர் மோரிஸ் முதலான பேஸ்பால் ஆய்வாளர்கள் மில்னர் ஊரின் பழைய ஆவணங்களைப் புரட்டி ஹன்னாவைக் கண்டுபிடித்தார்கள்.

3

1879 ஜூன் 21. பிராவிடன்ஸ் கிரேஸ் என்ற தொழில்முறை அணி கிளீவ்லாந்து அணியோடு மோத இருந்தது. கிரேஸ் சாதாரண அணி அல்ல. அந்த வருசம் தேசிய லீக் பட்டத்தையே வென்ற அணி. அதன் முதல் பேஸ் ஆட்டக்காரர் ஜோ ஸ்டார்ட் காயம்பட்டிருந்தார். அவசரத்துக்கு ஆள் தேடியவர்கள் உள்ளூர்க் கல்லூரிச் சாம்பியன் அணியிலிருந்து ஒயிட்டைக் கூப்பிட்டார்கள்.

பையன் போனான். ஆடினான். நான்கு முறை மட்டை பிடித்து ஒருமுறை நன்றாக அடித்தான். ஒரு ரன் எடுத்தான். முதல் பேஸில் நின்று 12 பேரை அவுட் ஆக்கினான். ஒரு பிழைகூட இல்லை. கிரேஸ் 5க்கு 3 என்று வென்றது. கல்லூரிப் பையன்கள் திரண்டுவந்து அவனுக்காகக் கத்தினார்கள் என்று ஊர்ப் பத்திரிகை எழுதியது.

அதோடு முடிந்தது. அடுத்த ஆட்டத்தில் வேறொருவரை முதல் பேஸில் நிறுத்தினார்கள். பெரிய லீக்கில் ஒயிட் ஆடியது அந்த ஒரே ஆட்டம். அந்த ஒரு ஆட்டத்தை வைத்துத்தான் இன்றைக்கு ஆய்வாளர்கள் சிலர், அமெரிக்கப் பெரிய லீக்கில் ஆடிய முதல் ஆப்பிரிக்க வம்சாவளிக்காரன் அவனே என்கிறார்கள்.

4

அதே வருசம் டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் கல்லூரிகள் கூடி ஒரு சங்கம் அமைத்தன. இனிமேல் பட்டத்தை முறைப்படி முடிவு செய்வோம் என்பது நோக்கம். கூட்டத்தில் பெரிய சண்டை. எதைப் பற்றி? தொழில்முறை அணியில் ஆடியவர்களைக் கல்லூரி அணியில் சேர்க்கலாமா கூடாதா என்பதைப் பற்றி. பிரவுனின் ரிச்மண்டும் ஒயிட்டும் அந்தக் கேள்விக்குள் வந்தார்கள். யேல் சங்கத்தை விட்டு விலகியே நின்றது.

எனக்கு இந்த இடம் முக்கியமாகப் படுகிறது. அங்கே பேசப்பட்டது தீட்டு. காசுக்காக ஆடுவது தீட்டு. உழைத்துக் கூலி வாங்கும் கை கனவான்களின் ஆட்டத்தைத் தொட்டால் ஆட்டம் அசுத்தப்படும். இது அமெரிக்காவில் மட்டும் இருந்த எண்ணம் அல்ல. அதே 1879இல் இங்கிலாந்தில் ஹென்லி படகுப் போட்டிக்காரர்கள் ‘அமெச்சூர்’ என்றால் யார் என்று எழுதிவைத்தார்கள். கூலிக்குக் கைத்தொழில் செய்கிறவன், கம்மியன், உழைப்பாளி யாரும் அமெச்சூர் ஆக முடியாது என்றார்கள். கை வேலை செய்தால் கை தீட்டு. நமக்கு இந்தச் சட்டத்தை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்பிரிங்ஃபீல்டில் ஒயிட்டின் கை வாங்கிய காசைப் பற்றி விவாதம் நடந்தது. அவன் பிறப்பைப் பற்றி நடக்கவில்லை. பிறப்பு அங்கே பேசப்பட்டிருந்தால் விவாதமே தேவைப்பட்டிருக்காது.

அப்படியென்றால் அந்த இனக் கோடு எங்கே இருந்தது? தோலில் இல்லை. அவன் தோலைத் தினமும் பார்த்தார்கள், கைகுலுக்கினார்கள், அவன் கைக்குப் பந்து எறிந்தார்கள். கோடு தகவலில் இருந்தது. யார் வயிற்றில் பிறந்தான் என்ற தகவலில். ஒரு துளி ஆப்பிரிக்க ரத்தம் இருந்தாலும் கறுப்பன் என்ற விதி கண்ணால் பார்த்து அறிகிற விதியல்ல, விசாரித்து அறிகிற விதி. சாதியும் அப்படித்தானே? முகத்தில் எழுதியிருப்பதில்லை. அதனால்தான் கேட்கிறார்கள்: ‘எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?’

5

மறைக்க முடியாதவர்கள், மறைக்காதவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தால்தான் ஒயிட்டின் மௌனத்துக்கு விலை தெரியும்.

மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் ஒஹையோ மாநிலத்துக்காரர். 1881இல் ஓபர்லின் கல்லூரி அணியில் பந்து பிடிப்பாளராக ஆடினார். மறுவருசம் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். படித்தவர், திறமைசாலி, எல்லாரும் பார்க்கக் கறுப்பர். 1883இல் டொலிடோ அணியில் அவர் இருந்தபோது சிகாகோ அணியின் தலைவர் கேப் ஆன்சன், கறுப்பன் களத்தில் இருந்தால் ஆடமாட்டேன் என்று முரண்டுபிடித்தார். ஆடாவிட்டால் டிக்கெட் வசூலில் பங்கு கிடையாது என்றதும் ஆடினார். காசு முன்னால் வந்தால் தீட்டு கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். இதுவும் நமக்குத் தெரிந்த கதைதான்.

1884இல் டொலிடோ பெரிய லீக்கில் சேர, வாக்கர் 42 ஆட்டங்கள் ஆடினார். அவருக்குப் பந்து வீசிய டோனி முல்லேன் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்: தான் பார்த்ததிலேயே சிறந்த பந்து பிடிப்பாளர் வாக்கர்தான், ஆனால் கறுப்பர் காட்டும் சைகைக்குக் கட்டுப்படப் பிடிக்காமல் என் இஷ்டத்துக்கு வீசினேன் என்று. என்ன பந்து வருகிறது என்று தெரியாமலே வாக்கர் பிடித்தார். 1887 ஜூலை 14ஆம் தேதி இன்டர்நேஷனல் லீக் முதலாளிகள் கூடி, இனிமேல் கறுப்பர்களுக்கு ஒப்பந்தம் கிடையாது என்று 6க்கு 4 வாக்கில் முடிவு செய்தார்கள். 1884க்குப் பிறகு 63 வருசம் பெரிய லீக்குகளில் கறுப்பர் என்று அறியப்பட்ட ஒருவரும் ஆடவில்லை. வாக்கர் 1908இல் ஒரு நூல் எழுதினார். இந்த நாட்டில் நமக்கு வாழ்வில்லை, ஆப்பிரிக்காவுக்கே திரும்புவோம் என்பது அதன் முடிவு. கல்லூரி மைதானத்தில் தொடங்கியவர் எங்கே போய் நின்றார் பாருங்கள்.

கல்லூரிகளிலும் கதவு அகலமாகத் திறந்துவிடவில்லை. அலபாமாவிலிருந்து வந்த வில்லியம் கிளாரன்ஸ் மாத்யூஸ் 1902 முதல் 1905 வரை ஹார்வர்ட் அணியின் நட்சத்திரம். தெற்கே ஆடப் போனபோது அவரை உட்காரவைத்துவிட்டு ஹார்வர்ட் ஆடியது. ஜாக்கி ராபின்சன் 1940இல் கலிஃபோர்னியாவின் யூ.சி.எல்.ஏ.வில் பேஸ்பால் ஆடினார். அவருடைய அண்ணன் மேக் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வாங்கியவர். பதக்கத்தோடு ஊர் திரும்பியவருக்குக் கிடைத்த வேலை பசடீனா நகரத்தில் தெருக் கூட்டுவது. இதைப் படித்துவிட்டுக் கொஞ்சநேரம் புத்தகத்தை மூடிவைத்தேன். விளக்குமாற்றுக்கு எந்த நாட்டில் ஆள் எடுத்தாலும் எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பது தெரிந்துவிடுகிறது.

1947 ஏப்ரல் 15ஆம் தேதி ராபின்சன் புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கினார். அவர் அன்று நின்ற இடமும் முதல் பேஸ்தான். அதே வருசம் ஜூனில் மிச்சிகனின் கலமசூ நகரத்தில் முதல் ‘கல்லூரி உலகத் தொடர்’ நடந்தது. யேலை வென்று கலிஃபோர்னியா பட்டம் வாங்கியது. தோற்ற யேல் அணியின் முதல் பேஸ் ஆட்டக்காரர் பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜார்ஜ் புஷ். ஒரே பேஸ், ஒரே வருசம். ஒருவருக்கு அது பொழுதுபோக்கு. மற்றவருக்குக் கொலை மிரட்டல் கடிதங்களுக்கு நடுவே நின்ற இடம்.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. பல்வங்கர் பாலூ, சமார் சாதியில் பிறந்த பந்துவீச்சாளர். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறுக்கு மேல் விக்கெட் எடுத்தவர். பூனாவில் அவர் வீசிய பந்தைத் தொட்டவர்கள் அவருக்கு வெளியே நிறுத்தி மண் குவளையில் தேநீர் கொடுத்தார்கள். இந்துக்கள் அணிக்குத் தலைவராக்க அவரைக் கடைசிவரை விடவில்லை. அவரும் வாக்கரைப் போல மறைக்காதவர்.

6

ஒயிட் பிறகு சிகாகோவுக்குப் போனார். வெள்ளைக்காரப் பெண்ணை மணந்தார். வெள்ளையராக வாழ்ந்து 1937இல் வெள்ளையராகவே இறந்தார். ராபின்சன் களமிறங்க இன்னும் பத்து வருசம் இருந்தது.

அவரைக் கோழை என்று எழுதத் தோழர் ஒருவர் சொன்னார். இனத்தை விற்றவன் என்றார். என்னால் அப்படி எழுத முடியவில்லை. கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அந்தக் காரணம் இதுதான்.

எம்.ஏ. படித்தபோது நகரத்தில் ஒரு வீட்டு மாடியில் அறை எடுத்திருந்தேன். வீட்டுக்கார அம்மா முதல் நாளே கேட்டார், ‘ஊர்ல எந்தப் பக்கம் தம்பி?’ ‘கோயிலுக்குப் பக்கத்துலங்க’ என்றேன். பொய்யில்லை. எங்கள் காலனியிலும் ஒரு மாரியம்மன் இருக்கிறாள். அவர் வேறு கோயிலை நினைத்துக்கொண்டார். நானும் நினைக்க விட்டேன். ஆறு மாதம் நிம்மதியாக ஓடியது. ஒருநாள் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். காலில் செருப்பில்லை, கையில் ஒரு பை வேர்க்கடலை. வாசலில் நின்ற வீட்டுக்கார அம்மா என்னைக் கூப்பிட்டு, ‘யாரு தம்பி இது?’ என்றார். நான் சொன்னேன்: ‘எங்க வீட்ல வேலை செய்யறவங்க.’

அம்மா ஒன்றும் பேசவில்லை. பையைப் படிக்கட்டில் வைத்தார். பஸ் ஏற்றிவிடப் போனபோது, ‘பரவால்ல கண்ணு, படிப்ப முடி’ என்று மட்டும் சொன்னார்.

மில்னர் ஊர் முதலாளி உயிலில் எழுதிய ‘வேலைக்காரி’ என்ற சொல்லைப் படித்தபோது எனக்கு வியர்த்தது அதனால்தான். அந்தச் சொல்லை எழுதியவன் ஆதிக்கக்காரன். சொன்ன நான் ஒடுக்கப்பட்டவன். சொல் ஒன்றுதான். அது விழுந்த இடமும் ஒன்றுதான், தாயின் மேல்.

ஆகவே மறைத்தவனைத் திட்டி வரலாறு எழுதுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. கேட்கப்படும் கேள்வியை விட்டுவிட்டுப் பதில் சொல்ல முடியாமல் நின்றவனை மட்டும் கூண்டில் ஏற்றுவது ஆதிக்கத்துக்குத்தான் வசதி. அதே சமயம், ‘முதல் கறுப்பு ஆட்டக்காரர்’ என்று அவருக்கு மாலை போட்டுக் கொண்டாடவும் கை வரவில்லை. அந்தப் பெயரோடு ஏச்சு வாங்கியவர் வாக்கர். அந்த இடம் அவருடையது. 1879ஆம் ஆண்டுப் பருவம் நமக்குச் சொல்வது வேறு. திறமை இருந்தால் மேலே வரலாம் என்கிறார்களே, அந்தப் பேச்சின் அடியில் இருக்கிற நிபந்தனையைச் சொல்கிறது. வரலாம், ஆனால் அம்மாவை வெளியே விட்டுவிட்டு வா. அந்த நிபந்தனை உடைகிறவரை சாம்பியன் பட்டங்களில் யாரோ ஒரு தாயின் பெயர் அடிக்கப்பட்டுத்தான் இருக்கும். ஆய்வாளர்கள் ஆவணத்தில் தேடிப் பிடித்தது ஒரு ‘முதல் ஆட்டக்காரரை’. எனக்குக் கிடைத்தவள் ஹன்னா.

இதை எழுதி முடித்ததும் ஊருக்குப் போய் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஆட்டம் அவருக்குப் புரியவில்லை. மாடிப் படிக்கட்டுப் பகுதி வந்தபோது முறத்தில் இருந்த அரிசியிலிருந்து தலை தூக்கவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்:

‘அந்தப் புள்ள அதுக்கப்புறம் அவங்கம்மாவப் பாக்க வந்தானா?’